தீர்ப்பும் காரணமும்: கால்பந்து அரங்கில் வீடியோ நடுவரின் முடிவை அறிவித்தல்

1966-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி லண்டன் வெம்பிளி அரங்கில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் கால் இறுதி ஆட்டம் ஒன்று நடைபெற்றது. இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. முதற்பாதியிலேயே அர்ஜென்டினா அணித் தலைவர் அன்டோனியோ ராட்டினை நடுவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார். நடுவர் ஜெர்மானியர், ராட்டின் பேசுவதோ ஸ்பானிஷ் மொழி. ஒருவர் கூறியது மற்றவருக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு, ராட்டின் பல நிமிடங்கள் மைதானத்தைவிட்டு அகல மறுத்தார். சுற்றிலும் அமர்ந்திருந்த பல்லாயிரம் மக்களுக்கு என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்பது ஒன்றும் புரியவில்லை.

அப்போட்டியில் நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர். இந்நிகழ்ச்சியைப் பற்றிச் சிந்தித்தவாறே அவர் காரில் சென்றுகொண்டிருந்தபோது, வழியிலிருந்த போக்குவரத்து விளக்குகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் நிறுத்தம். எந்த மொழி பேசுபவருக்கும் இது விளங்கும். இந்த எண்ணத்தின் விளைவாகவே மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் தோன்றின. 1970-ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் அவை முதன்முதலாக வழக்கிற்கு வந்தன.

இந்த அட்டைகள் நடுவரின் தீர்ப்பு எதனையும் திருத்திவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவை தீர்ப்பை அறிவிக்கும் முறையை மட்டுமே மாற்றின. ஆயினும் ஆட்டத்தின் ஒழுங்கிற்கு அவை செய்த உதவி மிகப் பெரிது. இதே பிரச்சினை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், வீடியோ யந்திரங்களின் வருகையால், வேறு உருவில் மீண்டும் தோன்றியது. அதனைத் தீர்க்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இக்கட்டுரையில் காண்போம். மக்களிடையே சென்று முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் எடுத்துரைப்பதைத் தொழிலாகக் கொண்ட பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் கற்றுக்கொள்ளத்தக்கவை பல உண்டு.

வீடியோ உதவி நடுவர்

கால்பந்து ஆட்டத்தில் வீடியோ உதவி நடுவர் முறை 2016-ஆம் ஆண்டு முதல் சோதனையாகக் கையாளப்பட்டு, 2018 மார்ச் மாதத்தில் விதிகளில் முறையாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் அது முழு அளவில் பயன்பட்டது. பதினொரு நகரங்களில் நடந்த ஆட்டங்களையும் மாஸ்கோவிலிருந்த ஒரே அறையில் அமர்ந்து, பல காமிராக்களின் படங்களின் வாயிலாக வீடியோ நடுவர்கள் கண்காணித்தனர்.

இம்முறை தொடங்கியபோது நான்கு வகை நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே வீடியோ நடுவர் தலையிட இடமளிக்கப்பட்டது. கோல் செல்லுமா, பெனால்டி உண்டா, நேரடிச் சிவப்பு அட்டை தகுமா, ஓர் ஆட்டக்காரருக்குப் பதிலாக வேறொருவர் தண்டிக்கப்பட்டுவிட்டாரா என்பனவே அவை. அவற்றிலும் தெளிவான, வெளிப்படையான பிழை இருந்தால் மட்டுமே தலையிடலாம். இறுதி முடிவு எப்போதும் மைதானத்திலுள்ள நடுவருடையதே. வீடியோ நடுவர் காதுக் கருவியின் வழியே அவருக்குத் தகவல் தருகிறார். கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள நிகழ்ச்சியானால், நடுவர் மைதான விளிம்பிலுள்ள சிறு திரையில் தாமே படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்.

முறை இவ்வளவே. ஆனால் இதில் ஒரு முரண்பாடு மறைந்திருந்தது. யந்திரங்கள் காணும் ஆற்றல் ஆண்டுதோறும் பெருகியது. 2022-ஆம் ஆண்டு கத்தார் உலகக் கோப்பைப் போட்டியில் அரங்கின் கூரையடியில் பொருத்தப்பட்ட 12 காமிராக்கள், ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 முறை குறித்தன. பந்தினுள் வைக்கப்பட்ட உணர்கருவி வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. இவ்வளவு நுட்பமாகக் காணத் தெரிந்த முறைக்கு, கண்டதை எடுத்துச் சொல்ல மட்டும் தெரியவில்லை.

அரங்கில் இருப்பவரின் நிலை

வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவரையும் அரங்கில் அமர்ந்திருப்பவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னவருக்கு, நிகழ்ச்சி பல கோணங்களிலிருந்து மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. வர்ணனையாளர் விளக்கம் கூறுகிறார். பின்னவரோ கட்டணம் செலுத்தி, நெடுந்தூரம் பயணம் செய்து, மழையிலோ குளிரிலோ அமர்ந்திருப்பவர். தம் அணி கோல் போட்டதும் அவர் எழுந்து ஆரவாரிக்கிறார். அடுத்த கணம் நடுவர் காதில் விரலை வைத்தபடி அசையாமல் நிற்கிறார். ஒரு நிமிடம் செல்கிறது. இரண்டு நிமிடம் செல்கிறது. பிறகு நடுவர் கைகளால் காற்றில் ஒரு சதுரத்தை வரைந்து, கையை வேறொரு திசையில் காட்டுகிறார். கோல் இல்லை. ஏன் இல்லை? அவருக்குத் தெரியாது. ஆட்டத்தைக் காண நேரில் வந்தவரே ஆட்டத்தில் நிகழ்ந்ததை அறியாதவராகிறார்.

இக்குறையை ஓரளவு நீக்கவே, ரஷ்யாவில் வீடியோ அறையில் தகவல் தருவதற்கென ஒருவர் அமர்த்தப்பட்டார். எதைச் சோதிக்கிறார்கள், என்ன முடிவு என்பதை அவர் தொடுதிரைக் கருவியின் மூலம் தெரிவிக்க, அச்செய்தி வர்ணனையாளர்களையும் அரங்கின் பெரிய திரையையும் அடைந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2019 ஆகஸ்டில் இம்முறையை மேற்கொண்டபோது, சோதனை நடைபெறுகிறது என்ற வாசகம் பெரிய திரையில் காட்டப்பட்டது. ஆனால் புகழ்பெற்ற ஓல்ட் டிராஃபோர்டு, ஆன்ஃபீல்டு அரங்குகளில் அப்போது பெரிய திரைகளே இருக்கவில்லை. அங்குச் செய்தி ஒலிபெருக்கி மூலமும் எண்ணிக்கைப் பலகை மூலமும் தெரிவிக்கப்பட்டது.

வாசகம் மட்டும் போதுமானதாக இல்லை. கத்தார் போட்டியின் முதல் ஆட்டத்தில், மூன்றாம் நிமிடத்திலேயே ஈக்வடார் வீரர் என்னர் வலென்சியா தலையால் முட்டிப் போட்ட கோல் ஆஃப்சைடு காரணமாக ரத்து செய்யப்பட்டது. எவருடைய கால் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் கணினிப் படம் திரையில் வந்த பின்னரே பலருக்குக் காரணம் விளங்கியது. முடிவு ஒரு நேரத்திலும் காரணம் வேறொரு நேரத்திலும் வந்தால், இடையிலுள்ள நேரத்தைச் சந்தேகம் நிரப்பிவிடுகிறது.

இச்சந்தேகம் அற்பமானதன்று. 2024-ஆம் ஆண்டில் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கழகம், வீடியோ நடுவர் முறையையே கைவிட வேண்டும் என்று பிரீமியர் லீக்கில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அரங்கினுள் ஏற்படும் குழப்பமும் தகவல் சரிவரத் தெரிவிக்கப்படாமையும் அது கூறிய காரணங்களில் சேர்ந்திருந்தன. தீர்மானம் 19-க்கு 1 என்ற கணக்கில் தோற்றது. எனினும் சுட்டிக்காட்டப்பட்ட குறை உண்மையானது என்பதை எவரும் மறுக்கவில்லை.

ஒரு சொல்லால் நேர்ந்த பிழை

தகவல் தெரிவிப்பதில் நேரும் குறை பார்வையாளர்களை மட்டும் பாதிப்பதன்று, தீர்ப்பையே கெடுத்துவிடக்கூடும். 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி லண்டனில் டாட்டன்ஹாம் அணியின் அரங்கில் அவ்வணியும் லிவர்பூல் அணியும் ஆடின. லிவர்பூல் வீரர் லூயிஸ் டியாஸ் ஒரு கோல் போட்டார். கோட்டு நடுவர் கொடியை உயர்த்தி ஆஃப்சைடு என்றார். வீடியோ நடுவர் படத்தைச் சோதித்தார். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதைச் சரியாகவே கண்டறிந்தார். ஆனால் மைதானத்தில் கோல் வழங்கப்பட்டிருப்பதாக அவர் தவறாக எண்ணிக்கொண்டார். எனவே சோதனை முடிந்தது என்ற பொருள்பட மட்டும் தெரிவித்தார். மைதானத்தில் இருந்தவர்களோ, ஆஃப்சைடு என்ற தங்கள் முடிவே உறுதியாயிற்று என்று கொண்டனர். ஆட்டம் தொடங்கிவிட்டது. சில வினாடிகளில் வீடியோ அறையில் இருந்தோர் தவற்றை உணர்ந்தனர். ஆனால் ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின் முடிவை மாற்ற விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்ற கணக்கில் தோற்றது.

இங்கே கண் பிழை செய்யவில்லை. யந்திரமும் பிழை செய்யவில்லை. கண்டதை முழு வாக்கியமாகக் கூறாமையே பிழை. "மைதானத்தில் ஆஃப்சைடு என்றீர்கள், அது தவறு, கோல் செல்லும்" என்று கூறியிருந்தால் தவறு அக்கணமே வெளிப்பட்டிருக்கும். சில நாட்களில் அந்த உரையாடலின் ஒலிப்பதிவு வெளியிடப்பட்டது. மைதானத்து முடிவு எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு, தம் முடிவை உதவியாளரிடம் கூறி உறுதி செய்த பின்னரே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வீடியோ நடுவர்களுக்குப் புதிய முறை வகுக்கப்பட்டது.

நடுவரின் குரல்

நடுவர் தாமே ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தால் என்ன? இக்கேள்வி புதிதன்று. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நடுவர்கள் 1975-ஆம் ஆண்டிலிருந்தே மைக் அணிந்து, தண்டனையையும் அதன் காரணத்தையும் அரங்கிற்கு அறிவித்து வருகின்றனர். ரக்பி ஆட்டத்தில் நடுவருக்கும் தொலைக்காட்சி நடுவருக்கும் இடையே நிகழும் உரையாடலையே மக்கள் கேட்கின்றனர். நம் நாட்டினர் நன்கறிந்த கிரிக்கெட்டில், 1992 நவம்பரில் டர்பன் நகரில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் சச்சின் டெண்டுல்கர் தொலைக்காட்சிப் படத்தின் உதவியால் ரன் அவுட் ஆனார். மூன்றாம் நடுவரின் முடிவால் ஆட்டமிழந்த முதல் வீரர் அவரே. இன்று மூன்றாம் நடுவர் காணும் படங்களை அரங்கிலுள்ளோரும் பெரிய திரையில் காண்கின்றனர்.

கால்பந்து மட்டும் பின்தங்கியதற்குக் காரணம் உண்டு. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே ஓய்வு இயற்கையாகவே அமைகிறது. கால்பந்து இடையறாது ஓடும் ஆட்டம். சர்ச்சைக்குரிய படத்தைப் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கண்டு கூச்சலிட்டால், அது நடுவரின் மனத்தைப் பாதிக்கும் என்ற அச்சமும் இருந்தது.

2023 ஜனவரியில் கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் ஒரு நடுவழியைக் கண்டது. ஆலோசனை உரையாடலை ஒலிபரப்ப வேண்டியதில்லை. முடிவையும் காரணத்தையும் மட்டும் நடுவர் அறிவிக்கலாம் என்பதே அது. அடுத்த மாதமே மொராக்கோவில் நடந்த உலகக் கழகங்கள் போட்டியில் இச்சோதனை தொடங்கியது. 2023 ஜூலை 20-ஆம் தேதி நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பெண்கள் உலகக் கோப்பைப் போட்டி ஆரம்பமாயிற்று. நியூசிலாந்தும் நார்வேயும் ஆடிய முதல் ஆட்டம் முடியும் தறுவாயில், ஜப்பானிய நடுவர் யோஷிமி யமஷிடா மைதான விளிம்பிலுள்ள திரையைப் பார்த்துவிட்டு வந்து, பந்து கையில் பட்டதால் பெனால்டி என்பதை நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுக்குத் தம் குரலாலேயே அறிவித்தார்.

இங்கிலாந்தில் இம்முறை முதன்முதலாகப் பயன்பட்ட இடமும் நாளும் குறிப்பிடத்தக்கவை. 2025 ஜனவரி 8-ஆம் தேதி, லீக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாம் வீரர் டொமினிக் சொலான்கி போட்ட கோல் ஆஃப்சைடு என ரத்து செய்யப்பட்டது. நடுவர் ஸ்டூவர்ட் அட்வெல் அதனை ஒலிபெருக்கியில் அறிவித்தார். எதிரணி லிவர்பூல். அரங்கும், ஓராண்டுக்குச் சற்றே முன்னர் அந்தப் பெரும்பிழை நேர்ந்த அதே அரங்கே. ஜெர்மனியின் பன்டஸ்லீகா 2025 பிப்ரவரியில் இச்சோதனையைத் தொடங்கியது. 2025-26-ஆம் ஆண்டு விதிநூலில், விரும்பும் போட்டிகள் இம்முறையைக் கைக்கொள்ளலாம் என்று இடமளிக்கப்பட்டது. அதே பருவத்தில் பிரீமியர் லீக்கும் இதனை மேற்கொண்டது.

ஒலியின் விஞ்ஞானம்

மைக்கைப் பிடித்துப் பேசுவது எளிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பெரிய அரங்கின் நடுவில் நின்று பேசுவதில் உள்ள இடர்ப்பாடுகள் பல.

முதலாவது, கால தாமதம். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. சர்வதேச ஆட்டங்களில் மைதானம் பொதுவாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. மைதானத்தில் நிற்கும் நடுவரின் குரல் மின்சாரத்தின் வழியே ஒலிபெருக்கிகளை உடனே அடைந்துவிடுகிறது. ஆனால் சுமார் 70 மீட்டர் தொலைவிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து அது காற்றின் வழியே அவர் காதுக்குத் திரும்பி வர ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிறது. ஓர் அசையை உச்சரிக்க நமக்குத் தேவைப்படும் நேரமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே, அவர் இரண்டாம் அசையைச் சொல்லும்போது முதல் அசை அவர் காதில் விழுகிறது.

தம் குரலையே இவ்வாறு தாமதமாகக் கேட்பவர் தடுமாறுவார் என்பது விஞ்ஞானிகள் 1950-களிலேயே ஆராய்ந்து கண்ட உண்மை. தாமதம் 0.2 வினாடியை ஒட்டியிருக்கும்போதுதான் தடுமாற்றம் மிகுதியாகிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவரும் சொற்களை நீட்டுகிறார், திக்குகிறார், ஒரே அசையை இருமுறை கூறுகிறார். நடுவர் ஒருவர் ஒலிபெருக்கியில் திணறினால், அதை அவருடைய கல்விக் குறைவாகவோ அச்சமாகவோ கொள்வது சரியன்று. பௌதிக விதியே அவரைத் திணறச் செய்கிறது. சிறு சிறு தொடர்களாகப் பேசி, ஒவ்வொன்றின் பின்னும் சற்று நிறுத்துவதும், தம் குரலுக்குச் செவிகொடாமல் இருக்கப் பழகுவதுமே இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது, எதிரொலி. அரங்கின் ஒரு பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல், எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அரை வினாடிக்கு மேல் தாமதித்து வந்து சேரக்கூடும். அவர் அருகிலுள்ள ஒலிபெருக்கி அதற்குள் அடுத்த சொல்லைக் கூறிவிடுகிறது. கான்கிரீட் சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரே சக்தி வாய்ந்த ஒலிபெருக்கியைக் காட்டிலும், அந்தந்தப் பகுதியினரை நோக்கித் திருப்பப்பட்ட பல சிறு ஒலிபெருக்கிகள் இதனால்தான் மேலானவை.

மூன்றாவது, ஆரவாரம். கோல் விழும்போது கூட்டத்தின் ஓசை 100 டெசிபெலைத் தாண்டுவதுண்டு. பேச்சின் பொருளைத் தாங்குவன பெரும்பாலும் மெய்யெழுத்துக்களே. படம், பழம், பயம் என்னும் மூன்று சொற்களும் ஒரே மெய்யால் வேறுபடுகின்றன. உயிரெழுத்தின் ஓசை வலியது. மெய்யின் ஓசை மெலிது. ஆகவே, இரைச்சலில் முதலில் அழிவது மெய்யே. குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்று மக்கள் கூறுவதன் காரணம் இதுதான். ஒலியை மேலும் உரக்க வைப்பதால் மட்டும் இக்குறை நீங்காது. எதிரொலி குறைய வேண்டும். பேச்சு நிதானப்பட வேண்டும்.

சொற்களின் வரிசை

ஒலிச் சாதனங்களைவிட முக்கியமானது, எதை முதலில் சொல்வது, எதை இறுதியில் சொல்வது என்பது. "கோல் இல்லை" என்று நடுவர் தொடங்கிவிட்டால், அக்கணமே ஒரு பாதி அரங்கு மகிழ்ச்சியாலும் மறு பாதி சினத்தாலும் கொந்தளிக்கும். அதன் பின் அவர் கூறும் காரணம் எவர் காதிலும் விழாது. ஆகவே, முதலில் பரிசீலனை முடிந்தது என்ற அறிவிப்பு. அடுத்து எந்த அணி, எந்த எண்ணுள்ள ஆட்டக்காரர், என்ன குற்றம் என்ற விவரம். எல்லாவற்றிற்கும் இறுதியில் முடிவு. டாட்டன்ஹாம் அரங்கில் நடுவர் அறிவித்ததும் இவ்வரிசையில்தான். சில வினாடிகளே நீடிக்கும் அந்த மௌனம்தான் காரணத்தைக் கேட்கச் செய்யும் வாய்ப்பு. அதை முடிவுக்குச் செலவிட்டுவிடலாகாது.

வாக்கியம் முன்னரே அமைந்த மாதிரியைப் பின்பற்ற வேண்டும் என்பதும் பயனுள்ள விதியாகும். நடுவர் அந்த நெருக்கடியில் புதிய சொற்களைத் தேட வேண்டியதில்லை. கேட்போரும் அடுத்து வரவிருப்பது என்ன என்பதை எதிர்பார்த்திருப்பர். எதிர்பார்த்திருக்கும் சொல் இரைச்சலிலும் எளிதில் விளங்கும்.

கண்ணுக்கும் காதுக்கும்

குரல் மட்டும் போதாது. திரை மட்டும் போதாது. காது கேளாதவருக்கு ஒலிபெருக்கியால் பயனில்லை. பார்வையற்றவருக்குத் திரையால் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு நடுவரின் மொழி விளங்காது போகலாம். எனினும் படமும் எண்ணும் விளங்கும். ராட்டினின் காலத்தில் வண்ண அட்டை செய்த வேலையை இன்று திரைப்படம் செய்ய வேண்டியிருக்கிறது. நம் நாட்டிலும் கொல்கத்தாவிலோ கோழிக்கோட்டிலோ கோவாவிலோ ஓர் ஆட்டத்தில் இவ்வாறு அறிவிக்க நேர்ந்தால், எந்த மொழியில் அறிவிப்பது என்ற கேள்வி உடனே எழும். நடுவரின் குரல் ஒரு மொழியிலும், திரையிலுள்ள வாசகம் அவ்வூர் மக்களின் மொழியிலும் அமைவதே பொருத்தமான வழியாகத் தோன்றுகிறது.

இம்முறையின் எல்லைகள்

அறிவிப்பதால் எல்லாக் குறைகளும் தீர்ந்துவிடும் என்று எண்ணலாகாது. தவறான தீர்ப்பைத் தெளிவான குரலில் அறிவித்தாலும் அது தவறான தீர்ப்பே. காத்திருக்கும் நேரமும் இதனால் குறைந்துவிடுவதில்லை. மேலும், நடுவர் அறிவிப்பது முறையான பரிசீலனைக்குப் பின்னரும் நீண்ட சோதனைக்குப் பின்னரும் மட்டுமே. முடிவை மாற்றாமல் விரைவில் முடிந்துவிடும் சோதனைகளுக்கு அறிவிப்பு இல்லை. டியாஸ் விஷயத்தில் நேர்ந்தது, மாற்றம் இல்லை என்று கருதப்பட்ட அத்தகைய விரைவுச் சோதனையே. ஆகவே, இந்த ஒலிபெருக்கி அன்றே இருந்திருப்பினும் அப்பிழையைத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதைத் தடுக்க வல்லது, கண்டதை முழு வாக்கியமாகச் சொல்லி, கேட்டவர் சரியாகக் கொண்டாரா என்று உறுதி செய்துகொள்ளும் பழக்கம் ஒன்றே.

ஆயினும் அறிவிப்பு முறையில் ஒரு பெரும் நன்மை உண்டு. காரணத்தைப் பலரறியக் கூற வேண்டியவர், கூறுவதற்கு முன் அக்காரணத்தைத் தமக்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவராகிறார். தோற்ற அணியின் ஆதரவாளர் அதை ஏற்கலாம், ஏற்காது போகலாம். ஆனால் தாம் எதை மறுக்கிறோம் என்பதையாவது அவர் அறிந்திருப்பார். காரணம் தெரியாதவரின் மனத்தில் வருத்தம் ஐயமாக மாறிவிடுகிறது. வருத்தம் ஆட்டத்தின் இயல்பு. ஐயம் அதன் நோய்.

பள்ளி மைதானத்தில் ஒரு சோதனை

மேலே கூறிய சில உண்மைகளை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எளிதில் செய்து காட்டலாம். திறந்த வெளியில் 170 மீட்டர் தொலைவை அளந்து, ஒரு முனையில் ஒரு மாணவனைப் பறையுடனோ தகரத் தட்டுடனோ நிறுத்துங்கள். அவன் கையை நன்கு உயர்த்தி ஓங்கி அடிக்கட்டும். மறுமுனையில் நிற்பவர்கள் அடி விழுவதைக் கண்ட அரை வினாடி கழித்தே ஓசையைக் கேட்பர்.

அடுத்து, வகுப்பறையில் ஒரு பாதி மாணவர்களை இரைச்சலிடச் சொல்லி, ஒருவனைப் படம், பழம், பயம் போன்ற சொற்களைப் பட்டியலிலிருந்து வாசிக்கச் செய்யுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்கள் கேட்டதை எழுதட்டும். பின்னர், சொற்களைத் தனியாக அன்றி முழு வாக்கியங்களில் அமைத்து, நிதானமாக வாசிக்கச் செய்யுங்கள். பிழைகள் எவ்வளவு குறைகின்றன என்பதை மாணவர்களே எண்ணிக் கணக்கிடலாம்.

மூன்றாவதாக, ஓர் ஆட்டத்தின் முடிவை இரு விதமாக அறிவிக்கச் சொல்லுங்கள்: ஒருமுறை முடிவை முதலிலும் காரணத்தைப் பின்னும், மறுமுறை காரணத்தை முதலிலும் முடிவைப் பின்னும். எம்முறையில் காரணம் அதிகம் பேர் நினைவில் நின்றது என்று கேட்டறியுங்கள்.

நம் பணிக்கு உரியது

மண் பரிசோதனை முடிவை உழவரிடம் கொண்டு செல்லும் பணியாளரும், விடைத்தாளைத் திருப்பித் தரும் ஆசிரியரும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதைத் தெரிவிக்கும் அலுவலரும் ஒருவகையில் நடுவர்களே. அவர்களிடமும் ஒரு முடிவு இருக்கிறது. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அக்காரணம் பெரும்பாலும் அலுவலகக் கோப்பிலோ சோதனைச் சாலையின் குறிப்பேட்டிலோ தங்கிவிடுகிறது. உழவரின் கைக்குச் சில எண்கள் மட்டுமே வந்து சேர்கின்றன. மாணவனுக்குச் சிவப்பு மையில் ஒரு மதிப்பெண் மட்டுமே வந்து சேர்கிறது. அவர்கள் அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்து, காற்றில் வரையப்பட்ட சதுரத்தைப் பார்ப்பவர்களின் நிலையிலேயே இருக்கின்றனர்.

கால்பந்து அரங்கின் அனுபவத்திலிருந்து சில வழிமுறைகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். காரணத்தை முதலில் கூறுக. முடிவைப் பின்னர் கூறுக. சிறு தொடர்களில் நிதானமாகக் கூறுக. சொல்லாலும் படத்தாலும் கூறுக. கேட்பவரின் மொழியில் கூறுக. அவர் எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதை அவர் வாயாலேயே திருப்பிக் கூறக் கேட்டு உறுதி செய்க. வினாடிக்கு 500 முறை அளக்கும் கருவி நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் முழு வாக்கியமாகப் பேசுவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.